கருங்கல்லில் பழகிய பிள்ளை

பிள்ளை வளர்ப்பில் நான் சொதப்பியவற்றைச் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும். அவற்றில் எதுவும் என்னை ஊர் முன்னால் தலைகுனிய வைத்ததில்லை. நான் உருப்படியாகச் செய்து முடித்த ஒரே காரியம்தான் வைத்தது.

தொண்ணூறுகளின் பாதி. என் மகன் தினேஷுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. படாளத்தில் மாமனார் வீட்டில் கூட்டுக் குடித்தனம். நான் மதுராந்தகத்தில் வளர்ந்தவள், பி.ஏ. படித்தவள், வாரப் பத்திரிகைகளில் வரும் குழந்தை வளர்ப்புப் பக்கங்களைக் கத்தரித்து வைப்பவள் (ரசம் வைக்கத் தெரியாததை இப்படித்தான் ஈடுகட்டிக்கொண்டிருந்தேன்). பிள்ளை கண்ட இடத்தில் ஆயி போகக்கூடாது என்று முடிவுகட்டி, செங்கல்பட்டுக் கடைத்தெருவில் சிவப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சட்டி வாங்கி வந்தேன். மாமனார் அதை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், வயலுக்குப் போய்விட்டார். தினேஷ் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பஸ் ஓட்டினான்.

பிறகுதான் கிணற்றடியில் வடிகாலை ஒட்டிக் கிடந்த கருங்கல் என் கண்ணில் பட்டது. சின்னப் பலகை உயரம், வழவழவென்று இருக்கும். காலையில் அதன்மேல் அவனைக் குந்தவைத்து, காரியம் முடிந்ததும் பலமாகக் கைதட்டுவேன். அவனும் தட்டுவான். பிறகு ஒரு வாளித் தண்ணீர். பாராட்டினால் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. பொய்யில்லை. கொஞ்ச நாளில் வயிறு கலக்கினால் அவனே "கல்லு, கல்லு" என்று சொல்லிக்கொண்டு கிணற்றடிக்கு ஓட ஆரம்பித்தான். நான் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் போய்ப் பெருமை அடித்தேன். ஜட்டிக்குக்கூட விடை கொடுத்துவிட்டேன்.

அந்த நேரம் ஊரில் பிள்ளையார் கோயிலைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். மாமனார்தான் கமிட்டித் தலைவர். அவருடைய பங்காளி கன்னியப்பனுக்கு அந்தத் தலைவர் பதவிமேல் ரொம்ப நாளாக ஒரு கண். சிமெண்ட் மூட்டை நனைந்தாலும் மாமனார்தான் காரணம், மழை பெய்யாவிட்டாலும் மாமனார்தான் காரணம். இன்னும் ஒரு தப்பு நடந்தால் போதும், கூட்டம் போட்டு அவரை இறக்கிவிடுவார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமனார் அதைப் பற்றிப் பேசமாட்டார். அவர் எதைப் பற்றியும் பேசமாட்டார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவர் என்னிடம் பேசியதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். அவரிடம் ஒரு நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று நான் ஏங்கியது எனக்குத்தான் தெரியும்.

பிள்ளையாருக்கான கல் பீடத்தை மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் செய்யக் கொடுத்திருந்தார்கள். வேலை முடிந்துவிட்டது, ஏற்றிவர வேண்டும். டெம்போ ஏற்பாடானது; கமிட்டி ஆட்களோடு மாமனாரும் கன்னியப்பனும் என் கணவரும் கிளம்பினார்கள். குழந்தை கடல் பார்த்ததில்லை என்று நானும் தொற்றிக்கொண்டேன். என் கணவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். வழியில் அவன் படுத்துவான் என்றார். "அதெல்லாம் பழக்கி வச்சிருக்கேன்" என்று வாயை மூடினேன். மூடியது அவர் வாயை.

பாலாற்றுப் பாலம் தாண்டியதுமே தினேஷ் என் புடவையைப் பிடித்து இழுத்தான். வண்டியை நிறுத்தினோம். வேலிகாத்தான் புதர் ஓரம் உட்காரவைத்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுந்துவிட்டான்.

"கல்லு எங்க?"

இதுதான் கல் என்று ஒரு ஜல்லியைக் காட்டினேன். என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். செங்கல்பட்டில் டீக்கடைக்குப் பின்னால் கொண்டுபோனேன். அங்கேயும் "கல்லு"தான். திருக்கழுக்குன்றத்தில் தெரிந்தவர் வீட்டுக் கக்கூஸ், வெள்ளைப் பீங்கான், பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் வீறிட்டு அழுதான். ஒவ்வொரு தடவையும் டெம்போவில் இருந்தவர்கள் இறங்கி, பீடி பிடித்து, ஏறினார்கள். ராகு காலம் வருவதற்குள் பீடத்தை வண்டியில் ஏற்றியாக வேண்டும். மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கன்னியப்பன் மாமனாரைப் பார்த்தார். பிள்ளையோ உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவ்வளவு ஒழுக்கமாக நான் பழக்கியிருந்தேன்.

மாமல்லபுரத்துக்கு அவனைக் கூட்டிப்போகிறோமே, அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருக்க வேண்டாமா நான்? படித்தவள்தானே.

பட்டறை வாசலிலேயே கல் தொடங்கிவிட்டது. நின்ற கல், படுத்த கல், பாதி யானை, முழு நந்தி. தினேஷ் அழுகையை நிறுத்தி வாயைப் பிளந்து பார்த்தான். வேடிக்கையில் மறந்துவிட்டான் என்று நான் நிம்மதியானேன். உள்ளே ஆண்கள் பூஜைக்கு ஆயத்தம் செய்தார்கள். பீடத்தை மண்ணில் இறக்கி வைத்திருந்தார்கள். சுற்றிலும் தாமரை இதழ், மேலே வழவழப்பான சதுரம், சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. நான் ஸ்தபதியின் மனைவியோடு வேப்பமரத்தடியில் நின்றேன். அந்த அம்மாள் பிள்ளை அழகு என்றார். அத்தோடு விட்டிருக்கலாம்.

"ரெண்டு வயசுதாங்க. ஆனா ஒரு நாளும் கண்ட எடத்துல போவமாட்டான். நான் அப்படிப் பழக்கிட்டேன்" என்றேன். கையை நீட்டி அவனைக் காட்டப்போனேன். கையில் பிள்ளை இல்லை.

உளிச் சத்தம் ஒவ்வொன்றாக நிற்பது காதில் விழுந்தது. கடைசி உளியும் நின்றது. திரும்பினேன்.

பீடத்தின் நட்ட நடுவில் தினேஷ் குந்தியிருந்தான். முகம் சிவந்து, முழங்கால்மேல் கை ஊன்றி, காலையிலிருந்து தேடியது கிடைத்துவிட்ட நிம்மதியில் இருந்தான். எதிரே மாமனார், கையில் எரியும் கற்பூரத் தட்டு. பக்கத்தில் கும்பிட்ட கையோடு கன்னியப்பன். யாருக்கும் கை கால் அசையவில்லை. ஓடிப்போய்த் தூக்கியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு எல்லோரும் சொல்கிறார்கள். காரியம் அதற்குள் முடிந்திருந்தது. தாராளமாக.

தினேஷ் எழுந்து நின்று, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தான்.

நான் கைதட்டினேன்.

சத்தியமாக நான் தட்டவில்லை, என் கைகள் தட்டின. தினமும் காலையில் தட்டித் தட்டி, அவன் பழகியதைவிட நான் நன்றாகப் பழகியிருந்தேன். அந்த நிசப்தத்தில் என் கைதட்டல் மட்டும் படபடவென்று கேட்டது. பட்டறையே என் பக்கம் திரும்பியது. என் கணவர் மெல்ல நகர்ந்து அந்தப் பாதி யானைக்குப் பின்னால் மறைந்தார்.

"இன்னாமா, கை தட்டிகினு கீற?" என்றார் கன்னியப்பன்.

பூமி பிளக்காதா என்று நின்றேன். மாமனார் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். பேரனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போய், தன் கையாலேயே கழுவிவிட்டார். சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி வைக்காத மனுஷர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்தைவிட அதைப் பார்த்துத்தான் வந்தது.

அவர் திரும்பி வருவதற்குள் கன்னியப்பன் கச்சேரியைத் தொடங்கிவிட்டார். தீட்டுப் பட்டுவிட்டது, இந்தப் பீடம் ஆகாது, புதிதாகச் செய்ய மாசக்கணக்காகும், கும்பாபிஷேகம் நின்றால் தலைவர்தான் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அடுக்கினார். ஸ்தபதியோ வாளியும் தேங்காய் நாருமாக வந்து நின்றார். பட்டறை நாய் இத்தனை நாளும் அந்தக் கல்மேல்தான் தூங்கியது, பிரதிஷ்டை செய்யும்வரை அது கல்தான், கழுவி எடுத்துப் போங்கள், அடுத்த வண்டி காத்திருக்கிறது என்றார். கன்னியப்பன் விடவில்லை. அப்படியானால் பரிகாரம் வேண்டும் என்றார்.

"இன்னா பரிகாரம், சொல்லு" என்றார் மாமனார்.

கன்னியப்பன் யோசித்தார். தன் பங்காளியின் குடும்பம் ஊர் முன்னால் காலாகாலத்துக்கும் குனிந்து நிற்க என்ன வழியென்று அவர் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது.

"அசிங்கம் பண்ண வூடுதான் கழுவணும், அண்ணாத்த. இன்னிக்கி மட்டும் இல்ல. வருசா வருசம் அபிஷேகத்தன்னிக்கி உங்க வூட்லேர்ந்து மொதல் தண்ணி கொண்டாந்து பீடத்தக் கழுவணும். அப்பறந்தான் மத்தவங்க."

மாமனார் சரி என்று தலையாட்டினார். நான் புடவையைச் செருகிக்கொண்டு, இதழ் இதழாகத் தேய்த்துக் கழுவினேன். ராகு காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பீடம் டெம்போவில் ஏறியது. தலைவர் பதவி தப்பியது. கடலை யாரும் பார்க்கவில்லை.

திரும்பும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் மூலையில் ஒண்டினேன். எனக்கு இனிமேல் இந்த வீட்டில் சோறு கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படாளம் நெருங்கும்போது மாமனார் முன்னால் பார்த்தபடியே வாயைத் திறந்தார்.

"ஏம்மா, அந்த செவப்புச் சட்டி இன்னும் கீதா, இல்ல தூக்கிப் போட்டியா?"

இருக்கிறது என்றேன்.

"அதுவே தேவல."

சொல்லிவிட்டுத் தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

கும்பாபிஷேகம் நடந்தது. அடுத்த வருடம் அபிஷேகத்தன்று தண்டனைப்படி மாமனார் குடத்தோடு போனார். வெறும் குடம் நன்றாக இல்லை என்று யாரோ மாலை சுற்றினார்கள். அடுத்த வருடம் மேளம் சேர்ந்தது, அதற்கடுத்து குடை. புதிதாக வந்த குருக்களுக்கு விஷயம் தெரியாது. முதல் தண்ணீர் கொண்டுவரும் வீட்டுக்குத்தான் பரிவட்டம் என்று கட்டிவிட்டார். இரண்டாயிரத்து சொச்சத்தில் ஒரு கமிட்டிக் கூட்டத்தில் கன்னியப்பன் எழுந்து, வருடா வருடம் ஒரே வீட்டுக்கு முதல் மரியாதை என்ன நியாயம், தனக்கும் ஒரு வருடம் வேண்டும் என்று சண்டை போட்டார்.

மாமனார் நிதானமாகச் சொன்னாராம்: "தாராளமா எடுத்துக்க. எங்க வூட்ல எப்டி வந்துச்சோ அப்டியே உங்க வூட்லயும் ஒருத்தர் வந்து வாங்கிக்கட்டும்."

அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. யாராவது எதற்காவது பெருமை அடித்துக்கொண்டால், பரிவட்டம் கட்டட்டுமா என்று கேட்போம்.

இப்போது குடம் எடுப்பது தினேஷ். பட்டு வேட்டி, வெற்றுடம்பு, நெற்றியில் விபூதி, முகத்தில் அநியாயத்துக்குப் பக்தி. போன வருடம் புது மருமகள் அதைக் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, தன் அம்மாவிடம் போனில் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பரம்பரை பரம்பரையா வர்ற மரியாதையாம்மா."

நான் அவளைத் திருத்தவில்லை. கன்னியப்பன்தான் அவளைக் காணும்போதெல்லாம் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். நான் உடனே அவர் கையில் காபியைக் கொடுத்துவிடுகிறேன்.