பூஜ்ய நொடியில் மழைக் கணக்கு

பதினொரு மணி நேரம் பிடித்த ஒரு கணக்கைப் பூஜ்ய நொடியில் முடித்த ஒரே அலுவலகம் இந்தப் பூமியில் ஏற்காட்டில்தான் இருக்கிறது. அங்கேதான் நான் வேலை பார்க்கிறேன். இதை அடக்கத்தோடு சொல்லவே நினைத்தேன். ஆனால் அடக்கம் எங்கள் அலுவலக நடைமுறையில் இல்லை என்று இயக்குநர் தேவசிகாமணி சொல்லிவிட்டார்.

அலுவலகத்தின் பெயர், சேர்வராயன் மலை மழை முன்கணிப்பு மற்றும் வானிலை மேம்பாட்டு மையம். பெயர்ப் பலகை கட்டடத்தைவிட ஓர் அடி நீளம். 'வானிலை மேம்பாடு' என்றால் என்ன என்று வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டேன். இயக்குநர் பேசும்போதும் கோப்பில் எழுதுவது போலத்தான் பேசுவார்.

"இருக்கின்ற வானிலையைக் காட்டிலும் நல்ல வானிலையைப் பொதுமக்களுக்குத் தெரிவிப்பது" என்றார்.

எனக்குச் சிலிர்த்தது. கல்லூரியில் இயற்பியல் படித்த மூன்று வருடமும் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. ஏரிக்கரையில் மையம் வைத்திருக்கும் தகவல் பலகையில் 'நாளை: இதமான வானிலை' என்று எழுதியிருக்கும். பெயின்ட்டில் எழுதியது. தினமும் மாற்றுகிற சிரமம் கிடையாது.

மையத்தின் இதயம் 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ஒரு புரோகிராம். மலையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றையும் ஈரத்தையும் மேகத்தையும் கூட்டிக் கழித்து, நாளை எங்கே எப்போது மழை என்று கணக்கிடும். ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம், அதற்கும் அதே கணக்கு. இப்படிச் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதற்கு 'லூப்' என்று பெயர். லூப்புக்குள் லூப், அதற்குள் இன்னொரு லூப். காலை எட்டு மணிக்கு ஓடவிட்டால் இரவு ஏழுக்கு முடியும். அலுவலகத்தை ஐந்துக்கே பூட்டிவிடுவோம். மறுநாள் காலை திறந்ததும் அடுத்த கணக்கு தொடங்கிவிடும். பகல் முழுக்கக் கம்ப்யூட்டர் சூடாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். மார்கழிக் குளிரில் எல்லோரும் நாற்காலியை அதன் பக்கத்தில்தான் போட்டுக்கொள்வோம். மையத்தால் மக்கள் அடைந்த நேரடிப் பலன் இது. மக்கள் என்றால் நாங்கள் ஆறு பேர்.

இப்படிப்பட்ட நிறுவனத்தின்மீதும் ஒருவர் குறை சொன்னார். கரடியூர் காளியாயி அக்கா. சின்னக் காபித் தோட்டம் வைத்திருக்கிறார். பழம் பறித்தாயிற்று, காயவைக்க வேண்டும். ஊர்ப் பொதுக் களத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை உண்டு. அக்காவின் முறை வெள்ளிக்கிழமை. அன்றைக்கு விரித்து மழை பிடித்தால் பழம் பூராவும் பூசணம் பூத்துவிடும். விரிக்காமல் விட்டால் முறை மறுபடி வர இரண்டு வாரம். யாருடனாவது மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் முதல் நாளே சொல்ல வேண்டும். ஆக அவருக்குத் தேவை ஒரே ஒரு சொல்: மழையா, வெயிலா.

திங்கட்கிழமையே நேரில் வந்துவிட்டார்.

"ஏனுங் கண்ணு, வெள்ளிக்கெழம மழையா?"

"கணக்கு ஓடிட்டிருக்குதுங்க அக்கா."

"அது எப்பப் பாத்தாலும் ஓடிட்டேதான் இருக்குது. எங்கதாஞ் சாமி போவுது?"

இந்தக் கேள்வி 'தாமதம் குறித்த பொதுமக்கள் புகார்' என்று பதிவாகி, அன்று மாலையே அவசரக் கூட்டமாக மாறியது. சேலத்திலிருந்து தொழில்நுட்ப ஆலோசகர் மேக்ஸ்வெல் வரவழைக்கப்பட்டார். காளியாயி அக்காவைப் 'பொதுமக்கள் பிரதிநிதி' என்று உட்காரவைத்து டீ கொடுத்தார்கள்.

"சி-யில எழுதினதைக் கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி மாத்தித் தர்றது கம்பைலர்ங்க. அதோட பிளக்இன்னுன்னு ஒரு குட்டிப் புரோகிராமச் சேத்துட்டம்னா லூப்பையெல்லாம் அதுவே சரிபண்ணிரும். சுத்து வழியக் குறுக்கிரும். வேண்டாததத் தூக்கிரும்" என்றார் மேக்ஸ்வெல்.

இயக்குநருக்கு உடனே புரிந்துவிட்டது. அதை எங்களுக்கும் புரியவைத்தார்.

"அடிவாரத்திலிருந்து இங்கு வர இருபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளே லூப் எனக் கொள்க. பிளக்இன் ஆனது இருபதையும் நேராக்கிவிடும்."

"இருவதையும் நேராக்கினா பஸ்ஸு நேரா அடிவாரத்துலதானுங்க போயி உழுவும்" என்றார் காளியாயி அக்கா, டீயை ஆற்றியபடி.

பிரதிநிதியின் கருத்து கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை பிளக்இன் வந்தது. கம்பைலருக்குக் கொடுக்கும் கட்டளையில் அதன் பெயரையும் சேர்த்துத் தட்டினேன். போகிற போக்கில் அது திரையில் ஒரு வரி எழுதியது. வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். பிறகு புரோகிராமை ஓடவிட்டேன். விரலை எடுப்பதற்குள், 'கணக்கு வெற்றிகரமாக முடிந்தது' என்று திரையில் வந்துவிட்டது. எடுத்துக்கொண்ட நேரம்: பூஜ்யம்.

சொல்ல வாயெடுத்தேன். கைதட்டல் தொடங்கிவிட்டது. கைதட்டலுக்கு நடுவே பேசிப் பழக்கமில்லை.

"லூர்துசெல்வி! பதினொரு மணி நேரத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் நம் வேகம் எத்தனை மடங்கு?" என்று இயக்குநர் என்னிடம் கேட்டார்.

"பூஜ்யத்தால வகுக்க முடியாதுங்க சார்."

"முடியாததை முடித்திருக்கிறோம் என்று எழுதிக்கொள்ளுங்கள்!"

செய்திக்குறிப்பு போயிற்று. 'முடிவிலி மடங்கு வேகம்.' ஒரு நாளில் எத்தனை ஆண்டு மழையைக் கணக்கிடலாம் என்று மேக்ஸ்வெல் போட்டுப் பார்த்ததில், அடுத்த பனியுகம் வரைக்கும் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம் என்று தெரிந்தது. பனியுகத்துக்கு அடுத்து என்ன செய்வது என்பதைப் பரிசீலிக்கத் துணைக்குழு அமைத்தோம்.

உற்சாகம் புரோகிராமோடு நிற்கவில்லை. அலுவலகத்தில் வேறு என்னென்ன லூப் இருக்கிறது என்று இயக்குநர் தேடினார். காலை டீயும் மாலை டீயும் இரு வேறு லூப்புகள் எனக் கண்டறியப்பட்டு இணைக்கப்பட்டன. நண்பகலில் ஆளுக்கு இரண்டு டம்ளர். டீ கொண்டுவரும் தனபால் அண்ணன், "ஏனுங்க சார், நாளைக்கி டீயவும் இப்பவே குடுத்துறட்டுங்களா?" என்று கேட்டார். நக்கல்தான். 'முன்னோக்குச் சிந்தனை' என்று பாராட்டுப் பெற்றார்.

ஒரே ஒரு பின்விளைவு. கம்ப்யூட்டர் சூடாவதை நிறுத்திவிட்டது. அலுவலகம் விறைத்தது. எல்லோரும் மப்ளருக்குள் இருந்தபடி வேகத்தைப் பற்றிப் பேசினோம்.

புதன்கிழமை இயக்குநர் அறைக்குப் போனேன்.

"சார், ஒரு விசயங்க. அந்தப் பிளக்இன்..."

"வேகம் குறைகிறதா?"

"இல்லைங்க சார். இனிமே குறையவே குறையாதுங்க. அதானுங்க..."

"அப்படியானால் நல்ல செய்தி. நாளை விழாவில் மேடையில் சொல்லுங்கள்."

வியாழக்கிழமை பாராட்டு விழா. முந்தைய நாள் மழையில் ஊறிய ஷாமியானா இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. விடுதி உரிமையாளர்கள் சங்கத் தலைவர் கந்தசாமி ஒரு நாற்காலியை ஒழுகாத இடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இந்த மையம் நம்மூருக்குப் பண்ணியிருக்கற நன்ம நொம்பப் பெருசுங்க. போன கோடை விழாவுல இருந்து இன்னிக்கி வரைக்கும், ஏற்காட்டுல மழைன்னு ஒரு வார்த்த இவிங்க வாயில இருந்து வந்ததில்லீங்க!"

இயக்குநருக்குச் சால்வை போர்த்தினார். சால்வையில் இரண்டு சொட்டு விழுந்தது. மேக்ஸ்வெல்லுக்கும் ஒரு சால்வை. மேடைக்குத் தூக்கிவந்திருந்த கம்ப்யூட்டருக்கு மாலை. அடுத்ததாக, 'பூஜ்ய நொடிச் சேவையின் முதல் பயனாளி' என்று காளியாயி அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார்கள். எழுந்தார்.

"எல்லாருக்கும் கும்பிடறனுங்க. நாளைக்கிக் களம் எங்க முறைங்க. இந்த வருசத்துப் பழம் பூராவும் ஊட்டு வாசல்ல குமிஞ்சு கெடக்குது. விரிக்கட்டுங்களா, வேண்டாங்களா? கணக்குத்தான் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஆயிருதாமே. சொல்லிப்போடுங்க, நான் போறேன்."

இயக்குநர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். புரோகிராமை ஓடவிட்டேன்.

"கணக்கு வெற்றிகரமாக முடிந்தது" என்று மைக்கில் வாசித்தார் இயக்குநர். கைதட்டல்.

"செரீங்க. மழையா, வெயிலா?"

"வெற்றிகரமாக முடிந்ததம்மா."

"எது முடிஞ்சுதுங்க, மழையா?"

இயக்குநர் மேக்ஸ்வெல்லைப் பார்த்தார். மேக்ஸ்வெல் என்னைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் கம்ப்யூட்டர் மட்டும்தான் மாலையோடு இருந்தது. காளியாயி அக்கா உட்காரவில்லை.

"சொல்லு கண்ணு. இன்னிக்கிச் சொன்னாத்தான் முறைய மாத்திக்க முடியும்."

மைக்கை வாங்கினேன்.

"தெரியாதுங்க அக்கா. எனக்கும் தெரியாது, இந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாதுங்க. கணக்குப் போட்டு வர்ற விடைய வெளிய காட்டறதுக்குன்னு புரோகிராம்ல ஒரு வரி இருக்கணுங்க. அத இதுல இருந்து எடுத்தாச்சுங்க. ஆருக்கும் சொல்லாத விடைக்கு எதுக்குக் கணக்குன்னு, பிளக்இன் லூப் அத்தனையும் தூக்கிப்போட்டிருச்சுங்க. செவ்வாக்கெழமையே திரையில அப்படித்தான் எழுதிக் காட்டுச்சுங்க. இப்ப இது ஒண்ணுமே செய்யறதில்லைங்க. அதனாலதானுங்க பூஜ்யம்."

"அப்ப முன்ன நாளெல்லாம் ஓடிட்டிருந்துதே, அது?"

"அப்ப நெசமாவே கணக்குப் போட்டுதுங்க. ஆருக்கும் சொல்லலைங்க."

அக்கா ஒரு கணம் மாலை போட்ட கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து, அங்கேயே நின்று, ஷாமியானா முழுக்கக் கேட்கும்படி வீட்டுக்காரரிடம் பேசினார்.

"ஏனுங்க, நாளைக்கி நம்ம முறைய வேற ஆருக்காச்சும் மாத்திக் குடுத்துப்போடுங்க. பழத்து மேல தார்ப்பாயப் போட்டு மூடுங்க. இல்லீங்க, இங்க ஒருத்தருக்கும் ஒண்ணுந் தெரியாதாமா. இல்லீங்க, விழா நல்லாத்தான் நடக்குது."

இயக்குநரின் முகம் சால்வையின் நிறத்துக்கு வந்திருந்தது. சால்வை சிவப்பு.

"இது மன்னிக்க முடியாத குற்றம்! பொதுமக்களுக்குச் சேர வேண்டிய விடையை மறைத்தது யார்? அந்த வரியை நீக்கச் சொன்னவர் எவராயினும் இந்த மேடையிலேயே நடவடிக்கை எடுக்கப்படும். லூர்துசெல்வி, பயப்படாமல் பெயரைச் சொல்லுங்கள்!"

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"நீங்கதானுங்க சார். மழைங்கற விடை இந்த ஆபீஸ விட்டு வெளிய போகக்கூடாதுன்னு போன கோடை விழாவுல மீட்டிங் போட்டுச் சொன்னீங்க. அதனாலதானுங்க அந்த வரிய எடுத்தோம். உங்க உத்தரவ ஒரு சொட்டுக்கூட வெளிய விடாம நிறைவேத்தினது இந்தப் பிளக்இன் ஒண்ணுதானுங்க சார்."