பால் தூய்மைக் குழு

அறிவியல் எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் வளர்ந்திருக்கலாம். ஆனால், தாய்ப்பாலைப் பற்றிய இறுதி உண்மை மூன்றாம் மாடி வீடொன்றில், சாப்பாட்டு மேசையைச் சுற்றித்தான் கண்டறியப்பட்டது. குழந்தை அழுதது. அதற்கு முன் அதன் தாய் பூண்டு தின்றிருந்தாள். இதற்கு மேலும் சான்று கேட்பவன் மூடன்.

மாமியார் தலைமையில் 'பால் தூய்மைக் குழு' அன்றே அமைந்தது. பூண்டு, வெங்காயம், மிளகு, காப்பி ஆகியன தடை செய்யப்பட்டன. கூரிய மூக்கு என்னும் ஒரே தகுதியால் நாத்தனார் 'முகர்வு அதிகாரி' ஆனார். பாலூட்டுமுன் தாய் அவரெதிரே வாயைத் திறந்து ஊத வேண்டும்.

"ஊதும்மா. இன்னும் நல்லா!"

"வெறும் கஞ்சிதான் குடிச்சேன், அண்ணி."

"பூண்டு தின்னவங்களும் அதையேதான் சொல்வாங்க."

அரைவயிற்றுக் கஞ்சியில் பால் குறைந்தது. குழு கலங்கவில்லை. அலுவலக நண்பர் மெச்சிய மூலிகைப் பொடியைக் கணவர் வாங்கிவந்தார்.

"இதுல என்னங்க இருக்கு?"

"இயற்கை இருக்கு."

"எந்த இயற்கை?"

"பாரும்மா, கட்டின புருஷன் மேல நம்பிக்கையே இல்ல இவளுக்கு!" என்று அவர் தம் தாயிடம் முறையிட்டார்.

வேளைக்கொரு கரண்டி அவளுக்குப் புகட்டப்பட்டது. குழந்தை அழுகையை நிறுத்தியது. குழு தன் வெற்றியைக் கைதட்டி வரவேற்றது. அவள் மட்டும் குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். பால் குடிப்பதையும் நிறுத்திய குழந்தை, உலுக்கினாலும் விழிக்காமல் துவண்டு கிடந்தது. எவருடைய அனுமதியும் பெறாமல் அதையும் பொடி டப்பாவையும் வாரிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். குழு பின்னால் ஓடியது.

மருத்துவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன கலந்திருக்குன்னே போடல. முதல்ல இதை நிறுத்துங்க. பூண்டு, வெங்காயம் எல்லாம் தாராளமா சாப்பிடலாம். வயிறு நிறைய சாப்பிடும்மா. குழந்தை கொஞ்சம் இங்கயே இருக்கட்டும்."

குழந்தை தேறி வீடு திரும்பியது. அவள் பூண்டு வதக்கிப் போட்டுச் சோறு உண்டாள். மாமியாருக்கோ மிச்சப் பொடியைப் பற்றியே கவலை.

"டப்பா நிறைய அப்படியே கிடக்கு. வீணாப் போகுதே!"

"வீணாக்கவே வேண்டாம், அத்தை" என்ற அவள், கரண்டியை நிறைத்து நீட்டினாள். "எல்லாரும் பங்கு போட்டுக்கலாம். இயற்கைதானே? இந்தாங்க."

குழு ஒருசேரப் பின்வாங்கியது. முகர்வு அதிகாரி மூக்கையும் வாயையும் சேர்த்தே பொத்திக்கொண்டார்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கணவர் அலறினார். "உள்ள என்ன இருக்குன்னு தெரியாம ஒரு மனுஷன் எப்படி வாயில போடறது?"