பயிற்சி பெற்றவர் மட்டும்

இந்தத் தடவை மச்சானை வீட்டுக்குள் படுக்க விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார் சேஃப்டி ஆபீசர்.

அட்டைப்பெட்டி ஃபேக்டரியில் அவருக்கு அதுதான் உத்தியோகம். எங்கே எண்ணெய் சிந்தியிருக்கிறது, எந்த மெஷின் விரலைக் கேட்கிறது என்று மோப்பம் பிடித்து, சிவப்பு அட்டையைக் கட்டிவிடுவார். கட்டியபின் முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது.

மச்சான் தங்கமான மனுஷர்தான், கண்ணை மூடும் வரைக்கும். மூடிவிட்டால் குறட்டையில் பீரோ கதவு தானாகத் திறந்துகொள்ளும். போன தடவை அவர் வந்து போனபோது தூக்கம் கெட்டு வேலைக்குப் போன ஆபீசர், ‘வழுக்கும், கவனம்’ என்று தான் கட்டிய அட்டைக்கு அடியிலேயே மல்லாந்தார். அந்தச் சிரிப்பு ஃபேக்டரியில் இன்னும் அடங்கவில்லை.

அண்ணனும் அண்ணியும் நாளைக்கு வருகிறார்கள் என்று மனைவி சொன்னதுதான் தாமதம், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு டார்ச்சோடு கிளம்பிவிட்டார். விருந்தாளி ரூமில் ஃபேன் ஆடியது. கட்டினார் அட்டை. சுவிட்ச் போர்டு பல்லை இளித்தது. அதற்கும் ஒன்று. ஹால் சோபாவுக்கு மேலே சுவர்க் கடிகாரம், எப்போது வேண்டுமானாலும் மண்டையில் விழலாமாம். அங்கேயும் கட்டினார். கடைசியில் விருந்தாளி ரூம் கதவில் போர்டு தொங்கியது: ‘அபாயம். பயிற்சி பெற்றவர் மட்டும் நுழையலாம்.’

மனைவி துடைப்பத்தோடு நின்று பார்த்தாள். “நாம குடிவந்த நாள்லேருந்து அந்த ஃபேன் ஆடிக்கிட்டுத்தானே இருக்கு?”

“ஆடுறது வேற, விழுறது வேற. உன் அண்ணன் தலையில விழுந்தா யாரு பதில் சொல்றது?”

“அப்ப நம்ம ரூம்?”

அங்கேயும் குறை சொன்னால் ரிப்பேர் வேலை தன் தலையில் விழும் என்று ஆபீசருக்குத் தெரியும். “நம்ம ரூமா? குண்டூசி அளவு குறை கிடையாது. எழுதிக் கையெழுத்தே போட்டுத் தரேன்.”

எங்க அண்ணன் மேல இவ்வளவு அக்கறையா என்று அவள் உருகிப் போனாள். அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம், தெருமுனை லாட்ஜில் ரூம் சொல்லிவிட்டு விசிலடித்தபடி வந்தார். வாசலிலேயே விசில் நின்றது. உள்ளே பீரோ கதவு ஆடும் சத்தம். ஜன்னலோரம், அவருடைய கட்டிலில், அவருடைய போர்வைக்குள் மச்சான்.

“குண்டூசி அளவு குறை இல்லைன்னீங்களே, அதான் அண்ணனுக்கும் அண்ணிக்கும் விட்டுட்டேன்” என்றாள் மனைவி. “இருக்கறதுலயே பத்திரமான ரூமை மாப்பிள்ளை நமக்குக் குடுத்துட்டாரேன்னு அண்ணனுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. கூட ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்னுட்டாரு.”

“லாட்ஜ்ல ரூம் போட்டிருக்கேனே.”

“அங்க ஃபேனு ஆடுதா, ஆடலையான்னு யாரு பார்த்தா?”

“அப்ப நான் சோபாவில…”

“தலைக்கு மேல கடிகாரம்.”

“சரி, நீ எங்க படுப்ப?”

“நான் பயிற்சி இல்லாதவ. எதிர்வீட்டு அக்காகூடப் படுத்துக்கறேன்.”

சொல்லிக்கொண்டே போர்டு தொங்கும் கதவைத் திறந்துவிட்டாள். கட்டில் சுத்தமாக விரித்திருந்தது. தலையணை மேல் அவருடைய ஹெல்மெட்.

“புழுங்குதேன்னு ஃபேனைப் போட்டுடாதீங்க. அட்டை கட்டியிருக்கு.”