பலாப்பழத்தின் தலையெழுத்து

காலை ஏழு மணிக்கே மலைமேல் புதூர்நாட்டில் போட்டிருந்த பந்தல் முன்னால் நூறு ஜோடி செருப்பு கிடந்தது. பிரம்மா எழுதியதைப் படிக்க ஒரு சித்தர் காரில் வந்திருந்தார்.

பிரம்மாவுக்குக் கோயில் அரிது. ஆகவே தொழிலில் போட்டியும் குறைவு. நான்கு தலைக்காரர் ஊரார் நெற்றியில் எழுதியதை இவர் ஒரே தலையோடு படித்தார். வெள்ளைத் துணியை நெற்றியில் ஒற்றுவார். கமண்டலத்து மஞ்சள் நீரில் முக்குவார். எழுத்து சிவப்பாக வரும். பிரம்மா தமிழில் எழுதியது மலைக்குப் பெருமை. எழுத்தை மாற்ற ஒரு கிடா. அரசாங்க வேலைக்கு இரண்டு.

லட்சுமணன் மகள் கல்பனாவை அழைத்து வந்திருந்தார். அவளுக்குத் திருப்பத்தூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. சேர அன்றே கடைசி நாள். ஒன்பது மணி ஜீப்பை விட்டால் இடம் போய்விடும். சித்தரை ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

பெண்களுக்கென்று தனியாக இருந்த துணிக்கட்டிலிருந்து சித்தர் ஒன்றை உருவினார். ஒற்றினார். முக்கினார்.

‘மலை இறங்கினால் தாலி நிலைக்காது.’

கூட்டம் உச்சுக்கொட்டியது. லட்சுமணன் மகளின் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கல்பனா அந்தச் சிவப்பைப் பார்த்தாள். பிறகு ஆரத்தித் தட்டைப் பார்த்தாள். சித்தரை வரவேற்க அம்மாக்கண்ணு அத்தை காலையில் கரைத்தது. அதே சிவப்பு. அதில் என்ன கலந்தாய் என்று கேட்டாள். மஞ்சளில் சுண்ணாம்பு, வேறென்ன என்றாள் அத்தை. ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். பந்தலுக்குள் மட்டும் மறந்திருந்தது.

கல்பனா அதே கட்டிலிருந்து இன்னொரு துணியை எடுத்தாள். காணிக்கையாக வந்த பலாப்பழத்தின் மேல் ஒற்றினாள். சித்தர் எழுவதற்குள் கமண்டலத்தில் முக்கித் தூக்கிப் பிடித்தாள்.

‘மலை இறங்கினால் தாலி நிலைக்காது.’

சுண்ணாம்புத் தெளிநீரில் முன்பே எழுதிக் காயவைத்த துணி. மஞ்சள் பட்டதும் பிரம்மா விழித்துக்கொண்டார்.

“இந்தப் பழத்துக்குத் தாலி கட்னவன் யாரு சாமி?” என்றாள் அம்மாக்கண்ணு.

பழத்துக்கும் பிரம்மாதான் எழுதுகிறார் என்று சித்தர் ஆரம்பித்தார். கிடா கொடுத்தவர்கள் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியதும் பாதியில் நிறுத்திவிட்டுக் கார் சாவியைத் தேடினார்.

ஜீப் ஹாரன் அடித்தது. லட்சுமணன் பெட்டியை விடவில்லை. இவன் போலிதான், ஆனால் அமிர்தி பக்கம் ஒரு சாமி இருக்கிறாராம், அசல், எதற்கும் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என்று இழுத்தார்.

“ஜீப்பு நிக்காது நைனா,” என்றாள் கல்பனா அப்பாவிடம். “ ஊர்ல இருக்கிற சாமியையெல்லாம் கேக்கிறீங்க. உங்க புத்திய ஒரு வார்த்தை கேட்டீங்களா?”