சனியின் காதும் தங்கள் தங்கையின் புருவமும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நான் இங்கே நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். தாங்களும் சகோதரியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் தங்கை அங்கே பத்திரமாக இருப்பாள் என்பது தெரியும், ஏனென்றால் முந்தாநாள் காலை பெட்டியும் கையுமாக அவள் கிளம்பியது தங்கள் வீட்டுக்குத்தான். ஏன் வந்தாள் என்று தாங்கள் கேட்டிருப்பீர்கள், அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள். குற்றவாளி நான் என்பதால் நானே எழுதிவிடுவதுதான் மரியாதை.

போன வருடம் நான் ஸ்டூடியோவிலிருந்து ஓய்வு பெற்றேன். முப்பத்தாறு வருடம் பாஸ்போர்ட் போட்டோ எடுத்த ஆள் வீட்டில் சும்மா உட்கார்ந்தால், எதிரே வருகிறவர்களையெல்லாம் "மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேனாம். தொல்லை தாங்காமல் தங்கள் தங்கைதான் டெலஸ்கோப் வாங்கச் சொன்னாள். வாங்கி, வீட்டுக்குப் பின்னால் துணிக்கொடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் நிறுத்தி, கண் வைத்துப் பார்க்கிற இடத்தில் கைபேசியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஒரு சாயங்காலம் நிலாவைப் பிடிக்க ஆரம்பித்தேன். நிலா என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம், அது ஒரு நொடி ஓரிடத்தில் நிற்காது. நடுவில் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்து, பொத்தானை அமுக்குவதற்குள் ஓரத்துக்குப் போய்விடும். பழக்க தோஷம், "ஆடாம இருங்க, தலையை லேசா இடது பக்கம்" என்று நான் சொல்ல, மதிலுக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் தலையைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டார். நான் "அவ்வளவுதான்" என்று சொன்ன பிறகுதான் உள்ளே போனார்.

இருநூறு படத்தில் ஒன்று தேறியது. அதைக் கணினியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால், மச்சான், முகம் முழுக்கக் குழி. இந்த முகத்தை எப்படி நாலு பேர் பார்க்க அனுப்புவது? மூன்று நாள் உட்கார்ந்து, குழி குழியாக அடைத்து, கன்னத்தைச் சமன்செய்து, ஒரு பக்கம் கறுத்திருந்ததையும் வெளுக்க வைத்து, வானியல் மன்றத்தின் மாதப் பத்திரிகைக்கு அனுப்பினேன். மன்றத்தின் செயலாளர் இயற்பியல் வாத்தியார், நிதானமான மனிதர். "படம் மிகத் தெளிவாக உள்ளது. எதன் படம் என்று தெரிவித்தால் பரிசீலிக்கிறோம்" என்று பதில் போட்டார். சரி, நிலா நமக்கு ராசியில்லை என்று வியாழனைப் பிடித்தேன். பக்கத்தில் வரிசையாக நாலு புள்ளி. லென்ஸில் தூசி என்று நினைத்து, படத்திலிருந்து அவற்றைத் துடைத்துவிட்டு அனுப்பினால், அந்த நாலும் வியாழனைச் சுற்றுகிற நிலாக்களாம், அதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் டெலஸ்கோப்பே வாங்குகிறார்களாம். அடுத்தது சனி. அதற்கு இரண்டு பக்கமும் காது கொஞ்சம் எடுப்பாக இருந்தது. எத்தனையோ பேருக்கு நான் காதை உள்ளே தள்ளிக் கொடுத்திருக்கிறேன், தங்கள் அடையாள அட்டைப் படமும் அதில் சேர்த்தி. சனிக்கும் அதே உபகாரத்தைச் செய்தேன். இந்த முறை செயலாளர் போனிலேயே வந்துவிட்டார். "சார், வளையம் எங்க சார்?" என்று கேட்டார்.

இதைத் தங்கள் தங்கையிடம் சொன்னேன், அங்கேதான் வினை. "நிலாவைக்கூட விட்டு வைக்கலையா நீங்க?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கூடத்துக்குப் போனவள், எங்கள் கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கும் சுவருக்கு எதிரே நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். சிரிப்பு போய்விட்டது. என் குட்டு உடைந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தப் படத்தை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டது நான். அவள் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறதல்லவா, ஒன்பது வயதில் தங்கள் சைக்கிள் கேரியரிலிருந்து விழுந்து வாங்கியது, அதைப் பிரஷ்ஷால் மூடியதும் நான்தான். அழகில்லை என்று செய்யவில்லை, சத்தியமாக. கையில் பிரஷ் இருந்தது, கண் முன்னால் கோடு இருந்தது, கை தானாகப் போய்விட்டது. உண்மையில் அந்தத் தழும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவளுக்குக் கோபம் வருகிறதென்றால் முதலில் அதுதான் மேலே ஏறும், நான் சுதாரித்துக்கொள்வேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேற்கே பாதி நிலா வெளிறிப்போய் நின்றது. இந்த முறை ஒரு குழியையும் தொடுவதில்லை என்று முடிவு செய்து, டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று என்னவெல்லாமோ சொன்னாள். என் காதில் ஏறியது "நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்பது மட்டும்தான். "ம்" என்றேன். திரும்பிப் பார்த்தபோது வாசல் கதவு சாத்தியிருந்தது. இரண்டு நாளாக வீடு வெறிச்சென்று கிடக்கிறது. போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் இல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது மச்சான், இதை அவளிடம் நான் சொன்னதில்லை, தாங்கள் சொல்லிவிடுங்கள். கல்யாணப் படத்தின் நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது, அதில் தழும்பு அப்படியே இருக்கிறது. புதிதாக ஒரு பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறேன். அவள் திரும்பி வந்தால் போதும்.

சகோதரிக்கு என் வணக்கத்தையும், குழந்தைகளுக்கு என் ஆசிகளையும் தெரிவிக்கவும்.

தங்கள் அன்புள்ள,
தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையில் போடும்போது போன் வந்தது, அவள்தான். அவளைப் பேச விடாமல் தழும்பை அழித்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "எந்தத் தழும்பை?" என்றாள். சொன்னேன். "முப்பத்தொரு வருஷமா வெளிச்சம் நல்லா விழுந்திருக்குன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். அண்ணிக்குக் கண் ஆபரேஷன், கூட இருக்க ஒரு வாரம் போகிறேன் என்று என் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு தடவை சொன்னாளாம். அன்று கூடத்தில் அவள் பார்த்தது போட்டோவை இல்லையாம், பக்கத்தில் தொங்குகிற காலண்டரில் ஆபரேஷன் தேதியையாம். "ஒரு வாரத்துல வந்துடலாம்னுதான் இருந்தேன். இப்ப யோசிக்கணும்" என்று வைத்துவிட்டாள். சகோதரியின் கண் இப்போது எப்படி இருக்கிறது? கடிதத்தைக் கிழித்துப் போடலாமென்றுதான் எடுத்தேன். அவள் கோபத்துக்கு நான் எழுதிய காரணம் எழுதும்போது தப்பு, இப்போது சரியாகிவிட்டது. அதனால் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல் அப்படியே அனுப்புகிறேன்.