விரிசல் ஐயாவும் நிழலில் நின்ற வண்டியும்

நெடுஞ்சாலை ஊருக்குள் நுழைகிற இடத்தில், பெட்ரோல் பங்க்கைத் தாண்டி ஒரு பொட்டல். காலையில் போய்ப் பாருங்கள். கார், வேன், லாரி, பள்ளிக்கூட பஸ், போதாக்குறைக்கு ஓர் ஆம்புலன்ஸ். ஆமாம், ஆம்புலன்ஸ்தான்! ஊரார் உயிரைக் காப்பாற்றுகிற வண்டிக்கும் அங்கே போனால்தான் உயிர் வருமாம். எல்லா வண்டிகளும் வெட்டவெளியில், சூரியனை முறைத்துக்கொண்டு வரிசை கட்டி நிற்கும். எல்லாவற்றின் முன்கண்ணாடியிலும் கல் தெறித்த ஒரு தழும்பு இருக்கும்.

கண்ணாடியில் கல் பட்டால் கண்ணாடிக் கடைக்குப் போவதெல்லாம் அந்தக் காலம். இப்போது விரிசல் ஐயாவிடம் போகிறார்கள்.

கையைப் பார்த்துப் பலன் சொல்கிறவர் உண்டு, முகத்தைப் பார்த்துச் சொல்கிறவர் உண்டு. விரிசல் ஐயா உங்கள் கார் கண்ணாடியைப் பார்த்து உங்கள் தலையெழுத்தைச் சொல்லிவிடுவார். விரிசல் மேலே ஓடினால் பதவிக்கு ஆபத்து. கீழே ஓடினால் பணத்துக்கு ஆபத்து. பக்கவாட்டில் ஓடினால் உறவுக்கு ஆபத்து. எப்படி ஓடினாலும் ஐயாவுக்கு மட்டும் ஒரு ஆபத்தும் கிடையாது.

முறை ரொம்ப எளிது. காலையில் கொண்டுவந்து நிறுத்திய வண்டி உச்சி வெயில் வரை தவம் இருக்க வேண்டும். வண்டிதான் இருக்க வேண்டும். ஐயா உள்ளே மின்விசிறிக்கு அடியில் இருப்பார். உச்சியில் வெளியே வருவார். ஈரத்துணி சுற்றிய குடத்திலிருந்து ஒரு சொம்பு அருள்நீரை எடுத்து, கல் பட்ட இடத்தில் ஊற்றுவார். 'டிக்' என்று ஒரு சத்தம். மிளகு அளவில் இருந்த தழும்பு, கண் எதிரே நெளிந்து நெளிந்து கண்ணாடி முழுக்க ஓடும்.

"தோஷம் வெளியே வந்துடுச்சு!" என்பார் ஐயா. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பல ஆயிரம் ரூபாய்க் கண்ணாடி பாழாய்ப் போனதற்கு நன்றி சொல்லிக் காணிக்கையும் கொடுக்கும் கூட்டத்தை வேறு எங்கே பார்க்க முடியும்?

தோஷம் வெளியே வந்தால் கண்ணாடியை மாற்றியாக வேண்டும். பக்கத்திலேயே ஐயாவின் மச்சான் கண்ணாடிக் கடை வைத்திருந்தார், தற்செயலாக. விலை ஊர்விலையைப் போல இரண்டு மடங்கு. ஒரு மடங்கு கண்ணாடிக்கு, இன்னொரு மடங்கு அருளுக்கு.

"இன்ஷூரன்ஸ்ல மாத்திக்கலாமா, ஐயா?" என்று யாராவது அப்பாவி கேட்டுவிட்டால் ஐயா காதைப் பொத்திக்கொள்வார்.

"இன்ஷூரன்ஸ்ல மாத்தினா தோஷமும் பாலிசியில ஏறிடும். வருஷா வருஷம் பாலிசியோட சேர்ந்து அதுவும் புதுப்பிச்சுக்கும். தேவையா உனக்கு?"

தேவையே இல்லை என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து கண்ணாடியைப் பார்த்தால் நான்கு கேள்வி கேட்பார் என்பது யாருக்கும் தோன்றவில்லை. 

கிளட்ச் மாஸ்டருக்கும் தோன்றவில்லை.

கிளட்ச் மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். நாள் முழுக்க "கிளட்ச்! கிளட்ச்! கிளட்ச்சை மிதிங்க!" என்று கத்திக் கத்தியே அந்தப் பெயர் வந்துவிட்டது. புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் அவர் முதலில் சொல்லித் தருவது ஒன்றுதான்: "கண்ணாடியைப் பார்க்காதீங்க. கண்ணாடி வழியா ரோட்டைப் பாருங்க." மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிற பாடம் தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே!

ஜல்லி லாரி ஒன்றின் பின்னால் போனபோது அவர் கண்ணாடியில் ஒரு கல் தெறித்தது. மிளகு அளவுத் தழும்பு. "இன்ஷூரன்ஸுக்கு போன் பண்ணுங்க" என்றாள் மனைவி. "ஐயாகிட்ட காட்டுங்க மாஸ்டர்" என்றார், ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிற ஒரு மாணவர். மாஸ்டர் யார் பேச்சைக் கேட்டார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

வெயிலில் வண்டி தவம் இருந்தது. ஐயா வந்தார். ஊற்றினார். 'டிக்.' விரிசல் நெளிந்து போய், டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு நேராக நின்றது.

ஐயா கண்ணை மூடினார். "வீட்டுக்குப் புதுசா ஒண்ணு வந்திருக்கு. பொருளோ... ஆளோ..."

"அத்தை வந்திருக்காங்க, ஐயா. மனைவியோட அம்மா."

"பார்த்தியா! நான் சொல்லல. நீயே சொல்லிட்ட."

அதுதான் உண்மை. அவர் சொல்லவில்லை, இவர்தான் சொன்னார். ஆனால் மாஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"வெள்ளிக்கிழமை வா, கண்ணாடியை மாத்திடலாம். அதுக்குள்ள அந்த ஆள் உன் வீட்டை விட்டுப் போயிருக்கணும். இல்லேன்னா அடுத்த விரிசல் கண்ணாடியில விழாது."

எங்கே விழும் என்று ஐயா சொல்லவில்லை. மாஸ்டரும் கேட்கவில்லை. மார்பைத் தடவிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

அத்தை பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனை அவன் ஜன்னல் பக்கம் திரும்புகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு மகள்தான் பிடிவாதமாக அழைத்து வந்திருந்தாள். அவருடைய சொந்த வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. அந்தப் படிகளில் இனி அவரால் ஏற முடியாது என்று டாக்டர் சொன்னபோது மாஸ்டரும் கூடத்தான் இருந்தார்.

"அத்தை... கொஞ்ச நாளைக்கு... நீங்க உங்க வீட்டுல..." என்று அவர் மென்று விழுங்கி விஷயத்தைச் சொல்லி முடித்தபோது, மனைவி கையிலிருந்த கரண்டியை ஓசையோடு வைத்தாள்.

"அம்மா ஏறுற பஸ்ல எனக்கும் ஒரு சீட்டு போட்டுடுங்க."

"நீ சும்மா இரு" என்றார் அத்தை. "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு, மாப்பிள்ளை. என் தோஷத்தைக் கண்டுபிடிச்ச மகானை நானும் ஒருதடவை பார்த்துட்டுப் போறேன்."

வெள்ளிக்கிழமை காலையில் அத்தையின் பெட்டி டிக்கியில் ஏறியது. முதலில் ஐயா, பிறகு பஸ் நிலையம் என்று ஏற்பாடு. அத்தை முன்சீட்டில், மடக்கிய வாக்கிங் ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முகத்துக்கு நேரே விரிசல்.

"இதுதான் நானா?" என்று கேட்டார்.

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. வண்டியை ஓரம் கட்டித் திருப்பிவிடலாமா என்று நினைத்தார். நினைத்ததோடு சரி. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

பொட்டலுக்கு வந்ததும் அத்தை இறங்கி, பஸ்ஸில் ஆள் எண்ணுகிறவரைப் போல மெதுவாக ஒரு நோட்டம் விட்டார்.

"மாப்பிள்ளை, அந்தக் கறுப்பு வண்டி யாரோடது?"

தகரக் கொட்டகைக்குள், மேலே துணி வேறு போர்த்தி, பளபளவென்று நின்றது ஒரு பெரிய வண்டி.

"ஐயாவோடது, அத்தை."

"எல்லார் வண்டியும் வெயில்ல தவம் இருக்கு. அது மட்டும் நிழல்ல இருக்கே. அதுக்கு முக்தி கிடைச்சிடுச்சா?"

"அத்தை, மெதுவா..."

அத்தை கொட்டகைக்குள்ளேயே போய்விட்டார். முன்பக்கத்துத் துணியைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியில், 'ஐயா துணை' என்று ஒரு ஸ்டிக்கர். கூட்டத்தில் எல்லோரும் காசு கொடுத்து வாங்கி ஒட்டியிருந்த அதே ஸ்டிக்கர். நகத்தால் அதன் ஓரத்தை நிமிண்டினார். அடியில் மிளகு அளவில் ஒரு தழும்பு. பேசாமல் திரும்ப ஒட்டிவிட்டு வந்தார்.

உச்சி வெயில். ஐயா வெளியே வந்தார். வரிசையில் முதல் வண்டி ஒரு பால் வேன். வேன்காரர் கைகட்டி நின்றார். ஐயா சொம்பைத் தூக்கும்போது அத்தை குச்சியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்து, குடத்தைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி தொட்டார். சட்டென்று கையை எடுத்தார்.

"ஐயா, அருள் என்ன இப்படி ஐஸ் மாதிரி ஜில்லுன்னு இருக்கு?"

"அருள்னா குளிர்ச்சிதான், அம்மா."

"அப்ப ஒரு சின்ன வேண்டுதல். இந்தக் குடத்தைக் கொஞ்ச நேரம் வெயில்ல வெச்சுட்டு ஊத்துங்களேன். இத்தனை வண்டி தவம் இருக்கு, தண்ணியும் இருக்கட்டுமே."

"அதெல்லாம் முறை இல்ல."

"ஏன் ஐயா? வெயில் பட்டா அருள் ஆவியாகிடுமா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார். ஐயாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் அருளை வெயில் என்ன பண்ணும்? வைங்க பார்க்கலாம்!"

துணியை அவிழ்த்துக் குடத்தை வெயிலில் வைத்தார்கள். எல்லோரும் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வெதுவெதுப்பானதும் அத்தையே விரலை விட்டுப் பார்த்துத் தலையாட்டினார். ஐயா ஊற்றினார். சத்தம் இல்லை. இன்னொரு சொம்பு. ம்ஹூம். மூன்றாவது சொம்புக்குப் பால் வேனின் கண்ணாடி சுத்தமாகியிருந்தது. தழும்பு மிளகாகவே இருந்தது.

"இந்த வண்டிக்குத் தோஷம் இல்ல!" என்றார் ஐயா, நொடியில் சமாளித்துக்கொண்டு. வேன்காரர் மகிழ்ச்சியில் காணிக்கையை எடுத்துவிட்டார்.

"இருங்க தம்பி, பணத்தை உள்ள வைங்க" என்றார் அத்தை. "தோஷம் இல்லாத வண்டியில ஜில்லுத் தண்ணியை ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாது, இல்லையா ஐயா?"

"ஒண்ணும் ஆகாது."

"ஊத்திப் பார்க்கலாமா?"

வேன்காரர் கண்ணாடிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார். "ஐயோ, வேணாம்மா! என் பொழப்பே இதுலதான்!" முதல் தடவையாக அந்தப் பொட்டலில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது.

"சரி, அவர் வண்டி வேணாம். ஐயா வண்டியில ஊத்தலாம். ஐயா வண்டிக்குத் தோஷம் வருமா?"

"என் வண்டிக்கா?" ஐயா நெஞ்சை நிமிர்த்தினார். "தோஷம் என் நிழலைக்கூட அண்டாது!"

"நிழல் வேணாம், ஐயா. வெயில்லதானே முறை?"

ஐயா வாயைத் திறப்பதற்குள் பக்தர்கள் கொட்டகைக்கு ஓடிவிட்டார்கள். ஐயாவின் வண்டியைத் தள்ளுகிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்குமா? "வேணாம்! வேணாம்ப்பா!" என்று ஐயா கத்தியது, தன்னடக்கம் என்று அவர்கள் காதில் விழுந்தது. போர்வையை உருவினார்கள். நான்கு பேர் பின்னால், இரண்டு பேர் பக்கத்தில். கறுப்பு வண்டி ஆடி அசைந்து வெயிலுக்கு வந்தது. கறுப்பு நிறமல்லவா, சூடு சீக்கிரமே ஏறிவிட்டது.

"எனக்குத் தியானத்துக்கு நேரமாச்சு" என்று நழுவப் பார்த்தார் ஐயா. ஆனால் ஆம்புலன்ஸ் டிரைவர் அவர் பின்னாலேயே உள்ளே போய்த் திரைச்சீலையை விலக்கிவிட்டார். அங்கே, ஐஸ்கிரீம் கடையில் இருக்கிற மாதிரி ஒரு பெரிய ஃப்ரீசர் 'ம்ம்ம்' என்று தியானம் பண்ணிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று குடம். மேலே பனி படர்ந்திருந்தது.

"அருளை இங்கதான் செய்றீங்களா, ஐயா?" என்று கேட்டுக்கொண்டே டிரைவர் ஒரு குடத்தைத் தூக்கி வந்தார்.

அத்தை கறுப்பு வண்டியின் ஸ்டிக்கரை உரித்தார். தழும்பைக் கூட்டத்துக்குக் காட்டினார். "மாப்பிள்ளை, நீங்களே ஊத்துங்க."

மாஸ்டர் சொம்பை வாங்கினார். ஐயாவைப் பார்த்தார். ஐயா இவரைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இருந்தது அருளும் இல்லை, கோபமும் இல்லை. செலவுக் கணக்கு. அதைப் பார்த்ததும் மாஸ்டரின் பயம் போய்விட்டது. ஊற்றினார்.

'டிக்.'

விரிசல் நெளிந்து வளைந்து ஓடி, டிரைவர் சீட்டுக்கு நேராகப் போய் நின்றது. அந்த சீட்டில் தினமும் யார் உட்காருவார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பால் வேன்காரர் மரியாதையாகக் கேட்டார்: "ஐயா, உங்க வீட்டை விட்டு யாரை அனுப்பணும்?"

ஐயா அவரைக் கவனிக்கவே இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டு கண்ணாடிக் கடைப் பக்கம் பார்த்துக் கத்தினார்: "டேய் மச்சான்! பார்த்துட்டே நிக்கிறியே! இன்ஷூரன்ஸ்காரனுக்கு போன் போடுடா!"

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. காணிக்கையைத் திருப்பிக் கேட்டவர்கள் எல்லாம் அருமையான பக்தர்கள். குரல் வளம் உள்ளவர்கள்.

"அத்தை, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று திரும்பி வரும்போது மாஸ்டர் கேட்டார்.

"அடுப்புல இருந்து எடுத்த கண்ணாடி மூடியைக் குழாயில காட்டினா பிளந்துக்கும். சமையலறைப் பக்கம் போனவங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க போனதில்ல, மாப்பிள்ளை."

பஸ் நிலையத்துக்கு வண்டி போகவில்லை. அதற்கு எதிர்ப்பக்கம் இருந்த இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனது. சர்வேயர் விரிசலைப் பார்த்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்றார். மாஸ்டர் அத்தையைப் பார்த்தார். பிறகு, உள்ளதை உள்ளபடி சொன்னார்.

சர்வேயர் பேனாவை மூடி வைத்தார். "மிளகு அளவு இருந்தப்பவே வந்திருந்தா பசை ஏத்தி அடைச்சிருக்கலாம். கண்ணாடியை மாத்தவே வேண்டியிருக்காது. கல் பட்டா கம்பெனி கொடுக்கும், சார். கல் பட்ட இடத்துல நீங்களா ஐஸ் தண்ணி ஊத்த விட்டதுக்கு எந்தக் கம்பெனியும் கொடுக்காது."

கண்ணாடிச் செலவு முழுதும் அவர் கைக்காசு. ஊர்விலைக்கு, அருள் இல்லாத வெறும் கண்ணாடி.

வீட்டுக்கு வந்ததும் டிக்கியைத் திறந்து, அத்தையின் பெட்டியை அவரே தூக்கினார். நல்ல கனம். வாசலில் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அத்தை... என்னை மன்னிச்சிடுங்க. நான் உங்களைப் போய்..." மூன்று மாடிப் படிகள் அவர் கண் முன்னால் வந்து நின்றன.

"பெட்டியை உள்ள வைங்க, மாப்பிள்ளை" என்றார் அத்தை. "வண்டியை நிழல்ல நிறுத்துங்க. மூளையை மட்டும் நிழல்லயே வெச்சுப் பழகாதீங்க."

பொட்டல் இப்போது காலி. ஆனால் பக்கத்து ஊரில் புதிதாக ஒரு டயர் ஐயா வந்திருக்கிறாராம். டயர் தேய்ந்திருப்பதைப் பார்த்தே ஆயுளைச் சொல்லிவிடுகிறாராம். கூட்டம் அலைமோதுகிறதாம். போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். காணிக்கையை எடுக்கும் முன் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள்: அவருடைய வண்டி எங்கே நிற்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.