தராசு நகர்த்திய அம்புக்குறி

கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைக் காட்டிக் கேட்டாலும் "அஞ்சு நிமிஷ வேலை" என்போம். அந்த வியாதி நன்றாக முற்றிய நிலையில்தான் நான் தேவாரத்திலிருந்து போடிக்கு மருமகளாக வந்தேன்.

மாமனாருக்கு ஏலக்காய் வாங்கிச் சேர்த்துவைக்கும் கிட்டங்கி. அங்கே எனக்கென்று ஒரு நாற்காலி வேண்டும் என்பது என் ஆசை. (கிடைக்காவிட்டால் அத்தையோடு அடுப்படி. எனக்கு ரசம்கூட வராது.) மாமா ஒரு நிபந்தனை போட்டார். அவருடைய பழைய எலெக்ட்ரானிக் தராசைப் புது லேப்டாப்போடு சேர்த்து, எடை சுவரிலிருக்கும் டி.வி.யில் தெரியும்படி செய்ய வேண்டும்.

"அஞ்சு நிமிஷ வேலை மாமா," என்றேன்.

தராசின் முதுகில் ஒன்பது ஊசி வைத்த சீரியல் போர்ட். லேப்டாப்பில் அதற்கு வாயே கிடையாது. இரண்டையும் சேர்க்கும் யூ.எஸ்.பி. வயர் ஒன்றை வரவழைத்தேன். சின்னதாக ஒரு ப்ரோக்ராமும் எழுதினேன். தராசை அணைத்துவிட்டுத்தான் வயரைச் செருக வேண்டும் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது.

சீசனின் முதல் எடை நாள். நான் போவதற்குள் மாமா சூடம் காட்டித் தராசைப் போட்டுவிட்டார். எங்கள் கிட்டங்கியில் பூசை போட்ட தராசைச் சாயங்காலம்வரை அணைக்கக் கூடாது.

"ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணிக்கிறேனே மாமா? தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"நல்லாருக்கே! பூசை போட்டதை அமத்துவாகளா? அப்படியே சொருகு ஆத்தா, வெரசா. குரங்கணி மலையிலருந்து காய் ஏத்துன ஜீப்பு வந்துரும்."

செருகினேன். டி.வி.யில் எடை வரவில்லை. திரையிலிருந்த மவுஸ் அம்புக்குறிக்குப் பேய் பிடித்துவிட்டது. தராசு ஓயாமல் எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். செருகியவுடன் அதைக் கேட்ட லேப்டாப், வந்திருப்பது பழைய காலத்து மவுஸ் என்று முடிவு கட்டிவிட்டது. (இது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.) ஆக, தராசின்மேல் இருந்த ஐம்பது கிலோ ஏலக்காய் மூட்டைதான் இப்போது என் மவுஸ்.

"எந்தா மோளே, சாக்கை எடுக்கட்டா?" என்றார் மூட்டை கொண்டுவந்திருந்த மலையாள ஏலத்தோட்டக்காரர் வர்கீஸ் சேட்டன்.

"எடுங்க!"

எடுத்தார். அம்புக்குறி மறுகோடிக்குத் தாவியது.

"வைங்க, வைங்க!"

வைத்தார். அது நேராக லேப்டாப்பில் நான் திறந்து வைத்திருந்த வாட்ஸ்அப்புக்குள் போய், முந்தின நாள் அம்மாவுக்கு நான் அனுப்பிய குரல் செய்தியை அழுத்தியது. டி.வி.யில் சத்தம் முழுசாக இருந்தது. (வைத்ததும் நான்தான்.)

"அம்மா, மாமா தங்கமான மனுசரு. ஆனா விடியக்காலம் குளிக்கும்போது பாடுறாரும்மா. அந்தப் பாட்டைத் தோட்டத்துல போட்டா பூச்சியெல்லாம் தானாச் செத்துரும். மருந்தே அடிக்க வேணாம்."

காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். வயரைப் பிடுங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓடிப்போய் இரண்டு கைகளாலும் டி.வி.யை மறைத்துக்கொண்டு நின்றேன். (நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தவள்.) அம்புக்குறி அதையே மறுபடியும் அழுத்தியது.

நாற்காலி போயிற்று. அடுப்படியும் மிஞ்சுமா என்று தெரியவில்லை. தேவாரம் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தபோது அழுகை வந்துவிட்டது.

மாமா எழுந்து வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் தராசின் சுவிட்சை அணைத்தார். பூசைக்கு வந்திருந்த அத்தை பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இப்ப அந்தத் தாள்ல உள்ளபடி செய்யி."

வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். மாமா தராசைப் போட்டார். டி.வி.யில் பெரிதாக 50.20 என்று வந்தது. வர்கீஸ் சேட்டன் கைதட்டினார்.

"ஐயா, ஞங்கள தோட்டத்துக்கும் வந்து ரெண்டு பாட்டு பாடணும் கேட்டோ!"

நாற்காலி கிடைத்தது. இதை அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆனால் எனக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்ட இன்றைக்கும் விடியற்காலையில் குளியலறைக் கதவைச் சாத்துமுன் மாமா வீடே கேட்கும்படி குரல் கொடுப்பார்:

"ஆத்தா, மருந்தடிக்கப் போறேன். பிள்ளைகளைத் தள்ளி நிக்கச் சொல்லு!"